டிராம்காரன் கார் ஓட்டிய நாள்

கோஷிட்சே நகரத்தில் டிராம் ஓட்டுகிற வெண்டெலினுக்கு இருபது வருஷமாக ஒரே வேலைதான்: கிளப்பு, நிறுத்து, மணி அடி. திருப்புகிற பொறுப்பு தண்டவாளத்தினுடையது. வீட்டில் கார் இருந்தது. ஆனால் அதை ஓட்டுவதெல்லாம் மனைவி ஜெல்மீரா. தாத்ரா மலையின் பனிச்சறுக்கு ஊருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறான், பக்கத்துச் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கியபடி. ஷிப்டுக்காரனுக்கு உட்கார்ந்தாலே தூக்கம்.

அந்த ஜனவரியில் ஜெல்மீரா சந்தைப் படியில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். அதனால்தான் சாவி அவன் கைக்கு வந்தது.

பின் சீட்டில் அனாயி. பராகுவேயிலிருந்து ஒரு வருஷம் படிக்க வந்து, அவர்கள் வீட்டில் தங்கியிருந்த பதினாறு வயதுப் பெண். பிள்ளையில்லாத வீடு அது. குளியலறைக் கதவைத் தட்டித் திட்டவும், 'சாப்பிட்டியா' என்று கேட்கவும் இவள் வந்த பிறகுதான் ஆள் கிடைத்தது. ஆனால் நவம்பரிலேயே பெண்ணின் முகம் வாடிவிட்டது. நாலு மணிக்கே இருட்டுகிற ஊர், சாம்பல் வானம், பேருக்குக்கூடப் பனி இல்லை. ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றாள். இன்று சாயங்காலம் அவள் அம்மா டிக்கெட் எடுக்கப்போகிறாள்.

"பனியையே பாக்காம எப்படிப் போவா? மலைக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று வெண்டெலின் ஒற்றைக்காலில் நின்றான்.

"போறேங்கறவளைக் கட்டியா வைக்க முடியும்? எனக்கொண்ணும் இல்ல" என்றாள் ஜெல்மீரா. சொல்லிவிட்டு விடியுமுன் எழுந்து, ஒற்றைக் கையாலேயே பன்றிக்கறியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து மூட்டை கட்டினாள்.

ப்ரெஷோவ் ஊரைத் தாண்டும்வரை கார் ஊர்ந்தது.

"ஏய்யா வெண்டோ, அடுத்த ஸ்டாப்புல யாராவது ஏறணுமா? மிதிச்சு ஓட்டு!"

"தண்டவாளம் இல்லாத ரோட்டுல இதுக்கு மேல முடியாதுடி."

பின்னாலிருந்து சிரிப்பு வருமென்று கண்ணாடியில் பார்த்தான். வரவில்லை.

சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது வெளியே சேறும் மூட்டமும்தான். மறுபக்கம் வெளியே வந்தால் உலகமே வெளுத்துக் கிடந்தது. வயல், கூரை, குன்றின்மேல் இருக்கிற கோட்டை, எங்கும் பனி. அனாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பொப்ராத் ஊரைக் கடந்ததும் தாத்ரா தெரிந்தது. மரியாதைக்கு முன்னால் ஒரு குன்றுகூட இல்லாமல், உருளைக்கிழங்கு வயல் முடிகிற இடத்திலேயே எழுந்து பாதி வானத்தை மறைத்து நிற்கிற மலை அது. வெயில் பட்ட உச்சிகளைக் கண் கூசாமல் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் இதன் முன்னாலா தூங்கிக்கொண்டு போனோம் என்று வெண்டெலினுக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்டியரிங்கிலிருந்து கை தானாக இறங்கி மடியில் அமர்ந்தது.

சாலை இடப்பக்கம் வளைந்தது. டிராமாக இருந்தால் அதுவும் வளைந்திருக்கும்.

"திருப்புய்யா! திருப்பு!"

கார் நேரே போய், சாலையோரம் குவிந்திருந்த பனிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஊர்ந்து வந்ததால் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

"கண்ணு எங்க இருந்துச்சு?"

"மலைல."

"மலை என்ன நேத்தா முளைச்சுது?"

"எனக்கு இன்னிக்குத்தாண்டி முளைச்சுது."

அதற்குள் அனாயி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். முழங்காலுக்கு மேல் பனி. கையுறையைக் கழற்றி, வெறுங்கையைப் பனிக்குள் விட்டபடி மலையை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் அசையவே இல்லை. பிறகு கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டு மலையைக் காட்டினாள். அந்த அம்மாவும் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அப்புறம் இருவரும் தங்கள் பாஷையில் மாறி மாறிப் பேசினார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் வெண்டெலின் நின்றான்.

அனாயி கைப்பேசியைப் பொத்திக்கொண்டு ஜெல்மீரா பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அம்மா கேக்குறாங்க. இந்தப் பனி எவ்வளவு நாள் இருக்கும்?"

வெண்டெலினுக்குத் தெரியும்: மார்ச்சில் ஒரு மழை பெய்தால் இந்த இடம் வெறும் சேறு. ஜெல்மீராவோ பொய் சொல்லத் தெரியாதவள். புதுச் சட்டை நன்றாயிருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டால், இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற ஆள்.

"நீ பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் உருகாது. ஜூன் மாசம் வரைக்கும் இப்படியேதான் கிடக்கும். நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள் ஜெல்மீரா.

அனாயி சொன்னாள். பதிலைக் கேட்டுத் தலையாட்டினாள்.

"டிக்கெட்டை ஜூனுக்கே எடுக்கறாங்களாம்."

வெண்டெலின் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கட்டுப்போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பாக்குற? போய் வண்டியைத் தள்ளு."