செட்டர் எழிலரசி

எங்கள் பள்ளியின் பவள விழா மலரில் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தால் இருபத்தைந்து பெண்கள் கட்டம் கட்டமாக உட்கார்ந்து சிரிப்பார்கள். மேலே 'சாதனைச் செல்வியர்' என்று தங்க எழுத்து. பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளி அது. பெயரைச் சொல்ல மாட்டேன், பள்ளி ஒரு பாவமும் செய்யவில்லை. செய்ததெல்லாம் முன்னாள் மாணவியர் சங்கம். நான் அதற்கு இணைச் செயலாளர், ஆகவே என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் இருக்கும் சங்கத் தலைவி நிவேதிதா என்னோடு படித்தவள். இப்போது முகப்பேரில் வீடு, ஐடி கம்பெனி ஒன்றில் எச்.ஆர். பிரிவில் பெரிய பதவி. ஆளை எடுப்பதைவிட அனுப்புவதில் கெட்டிக்காரி என்று கேள்வி. மைக்கைப் பிடித்தால் வாக்கியத்துக்கு இரண்டு தரம் 'ஜர்னி' வரும். நசரத்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு வீடு மாற்றியதைத் தவிர அவள் என்ன பயணம் போனாள் என்று எனக்குத் தெரியாது.

மற்றக் கட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது கட்டத்தில் இருப்பவள் டாக்டர். ஊசி போடுகிற டாக்டரும் இல்லை, ஆராய்ச்சி செய்த டாக்டரும் இல்லை, ஓட்டல் ஹாலில் மாலை போட்டுக் கொடுத்த டாக்டர். பதினோராவது 'தொழில்முனைவோர்'. வாட்ஸப்பில் புடவை விற்கிறாள், எனக்கும் ஒன்றைத் தலையில் கட்டினாள். பதினான்காவதுக்குப் பதவி என்ற இடத்தில் 'கனடா' என்று மட்டும் இருக்கிறது. கனடா எப்போதிலிருந்து ஒரு வேலை ஆனது என்று கூட்டத்தில் கேட்டேன். "மதி, நெகட்டிவா பேசாத ப்ளீஸ்," என்றாள் நிவேதிதா. உண்மையிலேயே உழைத்து மேலே வந்த ஐந்தாறு பேரும் பட்டியலில் உண்டு. அவர்களுக்குப் படம் அனுப்பவே நேரமில்லை, நாங்கள்தான் கெஞ்சி வாங்கினோம்.

இப்படி இருபத்து நான்கு தேறியது. அச்சகத்துக்காரர் ஐந்துக்கு ஐந்து என்று கட்டம் போட்டுவிட்டதால் ஒன்று காலியாக நின்றது. "யாரையாச்சும் பிடிச்சுப் போடு," என்று தலைவி உத்தரவு போட்டாள். நான் எங்களோடு படித்த எழிலரசியைப் பிடித்தேன். எங்கள் சாதனைப் பட்டியலில் அவள் நுழைந்த கதை இவ்வளவுதான்.

எழிலரசியின் அப்பா சின்னப்பையனும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயலெல்லாம் மனைகளாகி விலை போனபோது இவர்களுக்கு ஒரு பிடி மண்கூட மிஞ்சவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எழில் அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில், மெஷினில் வெட்டி வரும் இரும்புப் பீஸ்களைத் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எண்ணெய்த் துணியும் கையுமாக நான்கு வருஷம். துடைக்கிறவளுக்குத் துடைப்பதோடு வேலை முடிந்தது. இவள் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, தப்பானதை மெஷின்காரன் மூக்குக்கு நேரே நீட்டுவாள். தொல்லை தாங்காமல் ஒருநாள் அவன், "அப்ப நீயே ஓட்டு," என்று விலகிக்கொண்டான். அன்று மெஷினைப் பிடித்தவள் ஒன்பது வருஷம் ஆபரேட்டர், அதற்கப்புறம் செட்டர்.

செட்டர் என்றால் எனக்கும் அப்போது தெரியாது. கம்ப்யூட்டரில் ஓடும் மெஷினில் எந்த டூல் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று எல்லாம் அமைத்து, முதல் பீஸ் பிசகில்லாமல் வரும்வரை நின்று பார்த்து, பிறகுதான் ஆபரேட்டர் கையில் மெஷினை ஒப்படைப்பார்கள். அதைச் செய்கிறவர் செட்டர். எழில் கையில் பதினான்கு மெஷின்கள். இன்ஜினியர்கள் டிராயிங்கைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வருகிறார்கள்.

நான் போன் செய்தபோது, "இன்னாடி மதி, இம்மா வருசம் கயிச்சி நெனப்பு வந்துச்சா?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். "என் மூஞ்சியப் போட்டு இன்னாத்தப் பண்ணப் போறீங்க? வேணும்னா எனக்கு ரெண்டு நிமிசம் மைக் குடு. எங்க ஓனர் பாஸ்கரன் சாரு திருமழிசைல புது யூனிட்டு தொறக்குறாரு. பொண்ணுங்களுக்குன்னு ஆறு டிரெய்னிங் சீட்டு கேட்டு வாங்கிக்கீறேன். ஆறு வருசம் சண்ட போட்டு வாங்குனதுடி. திங்கக்கெயம மதியத்துக்குள்ள பேரு குடுக்கணும். இல்லாங்காட்டி பசங்களை வெச்சி ரொப்பிடுவாரு. நம்ம ஸ்கூல் பொண்ணுங்களுக்கே போவட்டும்னு பாக்குறேன்."

மைக் உண்டு என்று வாக்குக் கொடுத்தேன். அவள் பூர்த்தி செய்து அனுப்பிய படிவத்தில் பதவி என்ற இடத்தில் 'செட்டர்' என்று இருந்தது. நிவேதிதா அதைப் பார்த்து, "பாவம், டீச்சர்னு அடிக்கக்கூட வரல," என்று உச்சுக்கொட்டிவிட்டுத் திருத்தினாள். பக்கத்தில்தான் இருந்தேன். எஸ்டேட்டில் ஏது டீச்சர் என்று என் மண்டையில் ஓடியது. ஓடியதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. மலர் அப்படியே அச்சாகி வந்தது.

விழா சனிக்கிழமை காலை. வாசலிலேயே மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழில் என் கையைப் பிடித்தாள். "இன்னாடி இது, டீச்சர்னு போட்டுக்கீது?"

நிவேதிதாவை அழைத்து வந்து சொன்னேன். அவளுக்குத் துளிக்கூட உறைக்கவில்லை. "அப்படியே இருக்கட்டும் எழில். டீச்சர்னா எவ்வளவு மரியாதை! மேடையில போய் எதுவும் குழப்பாத."

"நான் டீச்சர்னா, கம்பெனி சீட்டுக்கு எப்பிடிம்மா புள்ளைங்களைக் கூப்புடறது?"

"அதெல்லாம் இந்த ஃபங்ஷன்ல வேணாமே. பசங்களைப் பெருசா கனவு காணச் சொல்லிக் கூப்பிட்டிருக்கோம். பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க?"

பேரன்ட்ஸ் என்ன நினைப்பார்களாம்! பந்தலில் உட்கார்ந்திருந்த தாய்மார்களில் பாதிப் பேர் எஸ்டேட்டில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், மீதிப் பேர் முகப்பேர் ஃப்ளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். நிவேதிதா வீட்டில் தேய்க்கிறவளும் அதில் இருந்திருப்பாள்.

'கல்விக் கண் திறக்கும் ஆசிரியை' என்று அறிவித்தார்கள். எழில் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"நான் டீச்சர் இல்ல, புக்ல தப்பா போட்டாங்க. நான் செட்டரு. உங்க தலமுடி ஒண்ண எடுத்து நீட்டுவாக்குல பத்தாப் பொளந்தா ஒண்ணு எம்மாம் இருக்கும்? அம்மாம் தப்பு வந்தாலே எங்க பீஸு குப்பைக்குப் போயிடும். அத்த வராம பாத்துக்குறது என் வேல. பொண்ணுங்களுக்கு ஆறு சீட்டு கீது. நாளெல்லாம் நின்னுகினே இருக்கணும், கை அழுக்காவும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேலயக் கத்துக்கினா உங்களக் கேட்டுத்தான் மெஷினு ஓடும்..."

அதற்குள் நிவேதிதா மைக்கை நைசாக உருவிக்கொண்டாள். "சோ ஸ்வீட்! நம்ம ஸ்கூல்ல படிச்சவங்க டாக்டரா இருக்காங்க, கனடாவுல இருக்காங்க, பாருங்க, மெக்கானிக்காகூட இருக்காங்க!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. தங்கள் மகள்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அந்தத் தாய்மார்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

விழா முடிந்ததும் எழில் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக ஒரு நோட்டோடு நின்றாள். பெண்கள் எல்லாம் கனடாவோடு செல்ஃபி எடுக்க வரிசையில் நின்றார்கள். அரை மணி நேரம் ஒருத்தியும் இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, நெயில் பாலிஷ் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். "போட்டுக்கோ, எண்ணெயில பூடும்," என்றாள் எழில். அவள் சிரித்துக்கொண்டே பெயரை எழுதினாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கடைசியில் நாகம்மாள் என்றொரு தாய் தன் மகளைத் தரதரவென்று இழுத்து வந்து, "இவ பேரையும் எய்திக்கோ," என்றாள். ஐந்து ஆயிற்று.

என் மகள் வர்ஷாவும் விழாவுக்கு வந்திருந்தாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். ஏறி இறங்காத கம்பெனி இல்லை. அவள் என் முந்தானையை இழுத்து, "அம்மா, எனக்குக் கேளும்மா. நிஜமாத்தான் சொல்றேன்," என்றாள்.

நான் எழிலைத் தனியாகக் கூப்பிட்டேன், வர்ஷாவும் கூடவே வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினேன். "எழில், அந்த ஆறாவது சீட் வர்ஷாவுக்குக் குடு. ஆனா சங்கத்துல யாருக்கும் தெரிய வேணாம். கேட்டா டிசைன் இன்ஜினியர்னு சொல்லிக்கிறோம்."

எழில் நோட்டை மூடினாள்.

"பொண்ண பக்கத்துல வெச்சிகினே சொல்றியேடி. மறச்சிகினு வர்ற பொண்ணு ஒரு மாசத்துல நின்னுடும். எனக்கு ஒரு சீட்டு வீணாப்பூடும். திங்கக்கெயம மதியம் வரிக்கும் எடம் வுட்டு வெக்கிறேன். உங்க சங்கத்து குரூப்புல நீயே ஒரு வரி போடு, இந்தமாரி என் பொண்ணு செட்டர் வேல கத்துக்கப் போறான்னு. போட்டுட்டு அனுப்பு."

ஒரு வரி. நிவேதிதாவைப் பற்றி இத்தனை வரி எழுதிய கைக்கு அது ஒரு பெரிய காரியமா? ஞாயிற்றுக்கிழமை மூன்று தரம் தட்டச்சு செய்து மூன்று தரமும் அழித்தேன். குரூப்பில் எல்லோரும் விழாப் படங்களுக்குக் கைகூப்பிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருந்தார்கள். நானும் இரண்டு கைதட்டல் போட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வர்ஷா சர்டிபிகேட் ஃபைலோடு வந்து நின்றாள். "போட்டியாம்மா?"

"நெட் வரலைடி."

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சரி, நீ போட வேணாம். என்ன வேலைன்னு யாராவது கேட்டா நானே சொல்லிக்கிறேன். ஆனா உங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு அந்த ஆன்ட்டி கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே எழிலின் நோட்டில் ஆறாவது பெயரை வர்ஷா தன் கையாலேயே எழுதிவிட்டாளாம். குரூப்பில் நான் இன்னும் ஒன்றும் போடவில்லை.