சுறா பார்க்க வந்த அம்மா

அம்மா அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிலாவெளிக்கு வந்தது கடல் பார்க்க அல்ல, என்னைத் திரும்ப அழைத்துப்போக. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்களாம். தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவிடம் சொல்லிவைத்தாயிற்றாம். அப்பா போனபின் லயத்து அறையில் அவள் தனி. நான் பயணிகளைப் பவளப்பாறைக்குக் கூட்டிப்போய்ச் சுறாவும் திருக்கையும் காட்டுவதைத் தொழில் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"சுறாவ நம்பியாடி சோறு திங்கிற? கேக்குறவங்களுக்கு நான் என்னான்னு சொல்றது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அம்மாவிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான். "நாளைக்கு ஒருக்கா என்கூட வந்து பாருங்கம்மா. பாத்த பொறகும் வான்னு சொன்னீங்கன்னா, பேசாம வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் அம்மா பிடித்த பிடியை விடாதவள்.

காலையில் படகில் புறாத்தீவுக்குப் போனோம். என் சுடிதாரைப் போட்டு, அதன் மேல் லைஃப் ஜாக்கெட்டும் முகத்தில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் என் கையை நசுக்கிப் பிடித்தபடி அம்மா நின்றாள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியறியாதவள். முதல் தடவை முகத்தை அமிழ்த்தியதும் உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு என் பரம்பரையையே திட்டினாள். அது அவளுடைய பரம்பரையும்தான் என்றேன். இரண்டாம் தடவை, குழாய் வழியாக மூச்சு சீராக வந்தது; இருவரும் குப்புற மிதந்தோம்.

அப்போதுதான் அது வந்தது. மணல் நிறத்தில் உடம்பு, செட்டையின் நுனி மட்டும் மையில் தோய்த்தெடுத்த கறுப்பு. அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி வந்தது. நான் விரல் நீட்டுவதற்குள் குழாய்க்குள்ளிருந்து "ஓ... ஓஓய்!" என்று பெரிய சத்தம். பயந்துவிட்டாள் என்று அவளைத் தூக்கப்போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். பிறகுதான் விளங்கியது. கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குள் இறங்குமுன் எங்கள் பெண்கள் போடும் சத்தம் அது. உள்ளே சிறுத்தை படுத்திருந்தால் எழுந்து போகட்டும் என்று போடுவது. சுறாவுக்கு மரியாதையாக அறிவித்திருக்கிறாள்.

சுறா அதைக் கேட்டதோ இல்லையோ, எங்களை ஒரு பார்வை பார்த்து, உடம்பை இலேசாக வளைத்து விலகிப்போனது. பின்னால் இன்னொன்று, அப்புறம் இரண்டு. வெயில் அவற்றின் முதுகில் வலைபோல அசைந்தது. கீழே யாருமில்லை என்று நினைத்த இடத்தில் மணலே எழுந்தது. மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கை. உதறிக்கொண்டு, ஓரங்களை அலையலையாக அசைத்து, எங்களுக்குக் கீழே சத்தமில்லாமல் போனது. இதை நான் பார்க்காத நாள் குறைவு. இருந்தும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது, கும்பிடவேண்டும் போல இருக்கிறது. நம்மைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத ஒன்று இவ்வளவு அழகாக இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பக்கத்தில் பார்த்தேன். அம்மா என் கையை எப்போது விட்டாளோ தெரியாது. கொழுந்துக் கறை ஏறிய விரல்களை விரித்து, திருக்கை போன பக்கமாக நீட்டியபடி மிதந்தாள்.

கரையேறி மணலில் உட்கார்ந்தாள். "ஒரே ஒருக்கா மலையில சிறுத்தப்புலியப் பாத்துருக்கேன்" என்றாள். "அன்னைக்கும் இப்புடித்தான், கை காலெல்லாம் என்னுது மாதிரியே இல்ல. ஒனக்கு இது தெனமுமா?"

"தெனமும்தாம்மா."

அவள் தலைமுடியைப் பிழிந்தாள். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"இத விட்டுட்டு வான்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்றாள்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். தனியாகத் திரும்பப்போகிறவளின் முகத்தைப் பார்த்ததும், கூட்டி வந்திருக்கவே கூடாது என்று தோன்றியது.

கண்டி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோதுதான் அவள் இரண்டு சீட் பதிந்து வைத்திருந்தது தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் பக்கத்துச் சீட்டைக் காட்டி, "இவங்க வரலியா?" என்று கேட்டார்.

"அவளுக்கு இங்க வேல இருக்கு" என்றாள் அம்மா.