சமத்துக் குழந்தை

என் மகள் பிறந்த முதல் வாரத்தில் பார்க்க வந்தவர்களெல்லாம் அவளை மெச்சினார்கள். "எவ்ளோ சமத்து பாருங்க அண்ணி, அழவே மாட்டேங்குது" என்றாள் என் நாத்தனார். அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கோ பூரித்துப்போனேன்.

மறுநாள் பாலுக்கு எழுப்பியபோது அவள் வாயையே திறக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை. பாதங்கள்தான் சில்லென்றிருந்தன.

நானும் என் கணவரும் எங்கள் ஊரான வேங்கிக்காலில் ஆட்டோ பிடித்தோம். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. பஸ்களின் ஹாரனும் "அரோகரா" என்ற கோஷமும் காதைப் பிளந்தன. மடியிலிருந்தவள் திடுக்கிடக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் உள்ளங்காலை விரலால் சுண்டினார். மறுபடியும் சுண்டினார். லேசான முனகல்தான் வந்தது.

"ரத்தத்துல கிருமி பரவியிருக்கும்மா. பச்சக் குழந்தைக்கு ஜுரம் வந்தே ஆகணும்னு இல்ல. இப்படி சில்லுனு ஆயிடும், சத்தமே போடாது" என்றார்.

பிறகு ரத்தப் பரிசோதனையில் அது க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று தெரிந்தது. யார் கையிலிருந்தும் வந்திருக்கலாமாம். அவளுக்கு ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்க, நான் வெளியே நின்று, வீறிடும் மற்ற குழந்தைகளின் தாய்மார்களைப் பார்த்துப் பொறாமையில் வெந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சரியான வாயாடி. ஆனாலும் அவள் அசந்து தூங்கினால் என் கை தானாக அவள் உள்ளங்காலுக்குப் போய்விடும். சுண்டுவேன்.

"ஏம்மா எழுப்புற?" என்று கத்துவாள்.

கத்தட்டும்.