ராத்தாவுக்குக் கொடுக்காத கட்டுரை

சுனாமியில் இறந்த சிறுமி ஒருத்தி எங்கே அடக்கப்பட்டாள் என்பது எனக்கு இரண்டு வருடங்களாகத் தெரிந்திருந்தது. அவளைப் பெற்றவர், நான் ராத்தா, அக்கா என்று கூப்பிடும் பெண், வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வளவில் இருந்தார். நான் அவருக்குச் சொல்லவில்லை. சட்டத்துக்குப் பயந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் முஸ்லிம் ஊர்களில் பெண்கள் மையவாடிக்கு, அடக்கம் செய்யும் இடத்துக்கு, போவதில்லை. மையத்தை, இறந்த உடலை, குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, அழுது வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள். கபுறுக்குழி எங்கே என்பது ஆண்களுக்குத்தான் தெரியும். அந்த மார்கழியில் குளிப்பாட்டவும் கொடுத்துவைக்கவில்லை. மறுநாள் ராத்தாவின் தம்பிதான் பிள்ளையைக் கண்டெடுத்தார். மையவாடிவரை கொண்டுபோக வழியில்லாமல், கடற்கரையோரத்து வெறும் வளவொன்றில் வேறு மையத்துகளோடு அடக்கினார். ராத்தாவிடம் வந்து "அடக்கிட்டம்" என்றதோடு சரி. எங்கே என்று கேட்க ராத்தாவுக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் வருவதற்குள், யுத்தத்தின் கடைசி வருடங்களில், மீன் லொறியோடு போன தம்பி திரும்பி வரவேயில்லை.

ஆனால் போவதற்கு முன் அவர் ஓர் ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவசர அடக்கங்களைப் பற்றி விசாரித்து எழுத வந்த வெளிநாட்டுப் பெண்ணிடம். உடன்பிறந்தவளிடம் சொல்ல வராதது முன்பின் தெரியாதவளிடம் வந்திருக்கிறது.

யுத்தம் முடிந்தபின் அவளுடைய கட்டுரை வெளியானது. நான் அப்போது ஓர் உயர்கல்வி நிலையத்தின் நூலகத்தில் தற்காலிக உதவியாளன். நாங்கள் சந்தா கட்டும் ஆய்விதழில், கணினித் திரையில், அது என் கண்ணில் பட்டது. எட்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம்: மூன்று தென்னை, இடிந்த கிணறு, குழிகள். கிணற்றுக்குக் கிழக்கே இரண்டாவது குழியில் பச்சைச் சட்டை போட்ட சிறுமி, தகவல் தந்தவரின், அதாவது ராத்தாவின் தம்பியின், சகோதரி மகள். நான்தான் முந்திக்கொண்டு ஓடிப்போய் ராத்தாவிடம் சொன்னேன், பிள்ளை கிடக்கும் இடம் ஒரு கட்டுரையில் வந்திருக்கிறது, படம்கூட இருக்கிறது என்று; படத்தையே கொண்டுவந்து காட்டலாம் என்று இடத்தை வாயால் விளக்கவில்லை. பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு.

"கொப்பி ஒண்டு எடுத்துத் தாங்க தம்பி," என்றார் ராத்தா. "வெளியால நிண்டு ஒரு ஸலாம் சொல்லிட்டு வந்திருவன்."

பிரதி எடுத்து வெளியாருக்குக் கொடுக்க உரிமம் இல்லை. மாணவர்களும் விரிவுரையாளர்களும் மட்டுமே வாசிக்கலாம். எழுதியவளுக்கே மின்னஞ்சல் போட்டேன். பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், என் கட்டுரையை நானே அனுப்ப முடியாது, மன்னியுங்கள் என்று பதில் வந்தது. பதிப்பகம் பதிலே போடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறி, யாரும் வாசிக்கலாம் என்று நாங்கள் வைத்திருந்த இணையப் பக்கத்தில் கட்டுரையை ஏற்றிவிட்டேன்.

ராத்தாவுக்குக் காட்டுவதற்குள் நூலகர் கண்டுபிடித்து அதை நீக்கினார். "வக்கீல் நோட்டீஸ் வந்தா ஆர் பதில் சொல்ற? சந்தாவையே வெட்டிருவாங்க," என்று கத்தினார். அவர் பயமும் பொய்யில்லை. கட்டுரையின் உள்ளடக்கத்தை எந்த வடிவிலும் வெளியாருக்குக் கொடுக்கமாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார். என் நிரந்தர நியமனத்துக்கு அவர்தான் சிபாரிசு எழுத வேண்டும். மறுபேச்சில்லாமல் போட்டேன்.

அன்று பின்னேரம் ராத்தா வேலியடிக்கு வந்தார்.

"கொப்பி வேணாம் தம்பி. அதுல என்ன எழுதியிரிக்கி எண்டு வாயால சொல்லுங்க, அதுவே காணும்."

"ஏலா ராத்தா. சட்டம். எழுதிக் குடுத்திரிக்கன்."

"என்ட புள்ள கிடக்கிற இடத்துக்கு ஆர்ட சட்டம்?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். படிக்காத மனுஷிக்குப் பதிப்புரிமையை எப்படி விளங்கப்படுத்துவது என்று மனைவியிடம் சலித்துக்கொண்டேன். பிறகும் பலமுறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, நூலக ஊழியர்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் படிப்பிக்க ஒரு சட்டத்தரணி வந்தார். தேநீர் இடைவேளையில் விஷயத்தை மெல்லக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"எழுதின எழுத்தும் கீறின படமும்தான் அவங்கட. ஒரு குழி எங்க கிடக்கு எண்ட தகவல் ஒருத்தருக்கும் சொந்தமில்ல. வாயால சொல்றத எந்தச் சட்டம் தடுக்கும்?"

அன்று பின்னேரம், அசர் தொழுகை முடிந்ததும் ராத்தா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மூன்று தென்னை, இடிந்த கிணறு, கிழக்கே இரண்டாவது குழி, பச்சைச் சட்டை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ராத்தா அழவில்லை. சுளகைக் கீழே வைத்தார்.

"அந்தக் கிணறு எனக்குத் தெரியும். போன மாரிக்கு அந்தக் கரையக் கடல் அரிச்சிட்டு. தென்னையும் போயிட்டு, கிணறும் போயிட்டு."

நான் போகத் திரும்பினேன்.

"நான் ஒங்கட வேலியடிக்கு வந்து கேட்ட நேரம் கிணறு கிடந்திச்சி, தம்பி. கூடப் பொறந்தவன் சொல்லல்ல, அவனுக்கு வாய் வரல்ல. ஒங்களுக்கு என்ன வந்திச்சி?"