தம்பி செய்த டிவி கேம்

என் தம்பியைப் பார்த்து நான் வயிறெரிந்து திரிந்த காலம் ஒன்று உண்டு. அம்மா அவனோடு உட்கார்ந்து சிரித்த சிரிப்புதான் காரணம்.

நாங்கள் பள்ளியில் படித்தபோது பிள்ளையார்பாளையம் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. கேசட்டைச் செருகி, வராவிட்டால் ஊதி மறுபடி செருகும் ரகம். அதில் டாங்கி சுடும் ஆட்டத்தில் எங்கள் இருவரையும் துவைத்துக் காயப்போட்டது அம்மாதான். தறியில் ஓடும் நாடாவுக்கு ராட்டையில் நூல் தார் சுற்றிப் பழகிய விரல்களுக்கு அப்படி ஒரு வேகம். ராட்டையை ஓரம் தள்ளிவிட்டு "ஒரே ஆட்டம்பா" என்று உட்காருவாள். அடுப்பில் சோறு குழைந்துவிடும். ஒரு மழைநாளில் கரண்ட் ஏறி இறங்கியதில் அந்தப் பெட்டி கருகிப்போனது.

சென்னையில் வேலை கிடைத்ததும் நான் அம்மாவுக்குப் புத்தம்புது கேம் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். படம் சினிமா மாதிரி ஓடும். டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டு அன்று மாலையே பஸ் ஏறினேன். அம்மா அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்தாள்.

தம்பி அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்காக அந்தப் பழைய டிவி கேமையே திரும்பச் செய்யப்போவதாகச் சொன்னான். ஒரு பச்சை போர்டு, நடுவில் ஒரு சிப். நாம் எழுதிக் கொடுக்கிறபடி அதற்குள் சர்க்யூட் அமையும். அழித்து வேறு மாதிரியும் எழுதலாம். பழைய பெட்டியின் உள்ளே இருந்ததையெல்லாம் நெட்டில் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக அதில் எழுதினான். ஒரு ஞாயிறு நான் வந்தபோது டிவியில் அதே டாங்கி, அதே கரகரத்த இசை. தெருவே எங்கள் வாசலில் நின்றது. வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

அம்மா இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் சரி. ஆனா இது அது இல்லபா. பட்டன அமுக்கினா குண்டு லேட்டா போவுது."

தம்பி முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் அந்தக் குஷி நிலைக்கவில்லை. ஒத்துப்பார்க்கப் பழைய பெட்டி இல்லை, அம்மாவின் கட்டைவிரல்தான் அளவு. அதனால் தினமும் தம்பி காலேஜ் விட்டு வந்ததும் அவள் ஆடுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், எதையோ மாற்றி மறுபடி ஏற்றுவான்.

"இப்போ?"

"கொஞ்சம் தேவல. இன்னும் இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போதெல்லாம் இருவரும் ஒரே தட்டில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு டிவி முன்னால் இருப்பார்கள். நடுவில் போய் உட்கார எனக்கு ரோஷம் விடவில்லை.

படிப்பு முடிந்து தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போனான். போர்டை அம்மாவிடமே விட்டிருந்தான். அடுத்த ஞாயிறு நான் வந்தபோது அம்மா தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்கு எவ்ளோ நாள் ரிப்பேர் பாத்தீங்க. நான் வாங்கினு வந்ததுல ஒரு குறையாவது சொல்லியிருக்கியாமா?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுலயும் ஒண்ணும் இல்லபா. மொத நாளே சரியாத்தான் இருந்துது. கொஞ்ச நேரம் என்கூட உக்காரட்டுமேன்னு சொன்னேன். அவன்கிட்ட சொல்லிடாத."

நான் துணி போர்த்தியிருந்த என் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"உன் பொட்டியிலயும் எதனா குறை சொல்லலாம்னுதான் பாத்தேன்" என்றாள். "சொன்னா நீ கடையில குடுத்து வேற மாத்தினு வந்துடுவ."