சின்னையாவுக்கு வலிக்காத நாள்

பினாங்குத் துறைமுகத்துச் சரக்குத் தோணிகளில் மூட்டை தூக்கி ஓய்ந்த கிழவர்கள் நாங்கள் மூவர். சாயங்காலமானால் கோப்பிக்கடையில் உட்கார்ந்து வியாதிக் கதை பேசுவோம். எனக்கு இடுப்பு, காதர் பாய்க்கு இளைப்பு, சின்னையாவுக்கு இடது முழங்கால். அந்த முழங்கால் வலித்தால் மழை நிச்சயம். சாதிக்காய்த் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே அவன் புலம்புவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் அவன் ரிக்‌ஷா பிடிக்காமல், நொண்டாமல் நடந்தே வந்தான். தைல வாசனையும் இல்லை.

"இன்னிக்கு வலியே இல்லண்ணே. கால் இருக்கிறதே தெரியல லா!"

"அப்பாடா, இனி எங்க காதுக்கும் நிம்மதி" என்று சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் மழை கொட்டியது. சின்னையா முழங்காலை மெல்லத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

மறுநாள் காலை அவன் பாயிலிருந்து எழவில்லை.

அதற்குப் பிறகு நானும் காதர் பாயும் நலம் விசாரிக்கும் விதமே மாறிவிட்டது.

"வலிக்குதா அண்ணே?" என்பார்.

"வலிக்குது பாய். உங்களுக்கு மூச்சு?"

"இழுக்குது."

அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குக் கோப்பி தொண்டையில் இறங்கும்.

இன்று காலை எழுந்தபோது என் இடுப்பு பஞ்சுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். வலி எங்கும் இல்லை.

சாயங்காலம் காதர் பாய் வழக்கம்போலக் கேட்டார்.

"ரொம்ப வலிக்குது பாய்" என்றேன்.

அவர் நிம்மதியாகக் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடித்தார். என் கோப்பி அப்படியே ஆறிப்போனது.