ஆரோக்கிய வனம்

போன செவ்வாய்க்கிழமை நுவரெலியாவில் ஓர் அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். மரியாதையாக, லேசாக, உதட்டோரமாகச் சிரித்தார்... இன்னும் கண்ணை மூடினால் அந்தச் சிரிப்புதான் தெரிகிறது.

ஏன் சிரித்தார்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாராவாரம் ஊரார் கோணல்களை எழுதி உங்களைச் சிரிக்க வைக்கிறவன், தன் முறை வரும்போது மட்டும் பேனாவை மூடி வைத்தால் நியாயமா?

எங்கள் பட்டணத்துக்கு மேலே ஒரு காடு இருக்கிறது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள் — சுற்றிலும் வாரிவிட்ட தலைபோலத் தேயிலை. உச்சியில் ஒரு கறுத்த கொண்டை. பட்டணத்துக் குழாய்களில் வருவதும், கீழ்த் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் பீலியிலிருந்து கொட்டுவதும் அந்தக் காட்டுத் தண்ணீர்தான். மரம் வெட்டக் கூடாது என்று ஒதுக்கிய பொதுக் காடு அது. பட்டண சபையின் பொறுப்பில் இருக்கிறது. பெயர் மட்டும் ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. துரை எப்போதோ தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். பெயரைக் கொண்டுபோக மறந்துவிட்டார்போலும்.

காட்டைக் காப்பாற்றியது துரை அல்ல. டெய்லர் ஆரோக்கியம்.

பஜாரில் மாதா படம் மாட்டிய சின்னத் தையல் கடை அவருடையது. லயத்தில் பிறந்து, தையல் பழகி, பட்டணத்துக்கு வந்தவர். குள்ளமான ஆள், முன்கோபி. விறகுக் கட்டோடு யாராவது கடை வாசலைத் தாண்டினால் கத்தரிக்கோலை நீட்டி விசாரிப்பார். "எங்க வெட்டுனீங்க? செத்த மரமா, உசிரு மரமா?" என்னிடம்கூட ஒருமுறை கேட்டிருக்கிறார். நான் கையில் வைத்திருந்தது குடை!

சில வருஷங்களுக்கு முன் ஒரு மரக் கொந்தராத்துக்காரர் எங்கிருந்தோ அனுமதி வாங்கிக்கொண்டு, அந்தக் காட்டை வெட்ட லொறியோடு வந்துவிட்டார். ஆரோக்கியம் சபைக்கு ஓடினார், அரசாங்கக் கச்சேரிக்கு ஓடினார். யாரும் காது கொடுக்கவில்லை. மறுநாள் காலை லொறிக்காரன் பார்க்கிறான் — காட்டுக்குள் போகிற ஒற்றைப் பாதையின் நடுவில் ஒரு தையல் மெஷின். பின்னால் ஸ்டூலில் ஆரோக்கியம். அவரும் மனைவி லூர்தம்மாவும் இருட்டோடு மெஷினை மலையேற்றியிருக்கிறார்கள்.

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். இவர் காஜா எடுத்தார். கொந்தராத்துக்காரர் வந்து கத்தினார். இவர் ஊசியில் நூல் கோத்தார். மத்தியானம் லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். கையோடு கிழிந்த சட்டைகளையும் கொண்டுவந்தார்கள்! மழை பெய்தது, மெஷினுக்குக் குடை பிடித்தார்கள். இப்படியே சில நாள் போனது. கடைசியில் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்து, லொறியைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் அது ஒதுக்கிய காடு ஆயிற்று.

ஆகவே, துரை பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்கலாம் என்று சபை முடிவு செய்தபோது யார் பெயர் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. சபைத் தலைவர் நல்ல மனசுள்ள சிங்களக் கனவான். அவரே சொன்னார் — "டெய்லர் பெயர்தான்." பெயர் மாற்றக் குழுவில் என்னையும் போட்டார்கள். பத்தி எழுதுகிறவன், பள்ளிக்கூட வாத்தியார், மூன்று மொழியிலும் தீர்மானம் எழுதத் தெரிந்தவன்... பெருமையாகத்தான் இருந்தது.

செய்தி பஜாருக்குப் போய்விட்டது. ஆரோக்கியம் அடக்கமாக மறுத்தாரா? அதெல்லாம் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தனக்கென்று முதல்முறையாக ஒரு கோட்டுத் துணி வாங்கி வெட்டினார்.

குழு கூடியது. ஓர் உறுப்பினர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "அந்த டெய்லருக்குப் பிரஜாவுரிமை இருக்கிறதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே தமிழன் நான் ஒருவன்தான்.

உங்களுக்குத் தெரியாததா? சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தால், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் ஜனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனது. விண்ணப்பம் போட்டு, விசாரணைக்கு நின்று, இந்த நாட்டிலேயே நிரந்தரமாக வாழ்கிறவன் என்று காட்டினால்தான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஆரோக்கியத்துக்கு இழுத்துக்கொண்டே போனது.

"இன்னும் இல்லை," என்றேன்.

"நாட்டுப் பிரஜை அல்லாதவர் பெயரை அரசாங்கக் காட்டுக்கு வைக்கலாமா? மேலிடத்தில் கேள்வி வராதா?"

தலைவர் நெற்றியைத் தடவினார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எந்நேரமும் வேலை செய்கிற மூளை அது. அதுதான் அதன் வியாதி.

"ஆரோக்கியம் என்றால் சுகம்தானே?" என்றேன். "சிங்களத்திலும் அதே சொல்தான். 'ஆரோக்கிய வனம்' என்று வைப்போம். பொதுமக்களின் ஆரோக்கியத்துக்கான வனம். யார் கேட்க முடியும்?"

தலைவர் மேசையைத் தட்டினார். "ஹரி ஷோக், மாஸ்டர்! பிரமாதம்!" கேள்வி கேட்ட உறுப்பினர்கூடச் சிரித்துவிட்டார். அந்த உற்சாகத்திலேயே தீர்மானத்தை எழுதினேன். எழுதி முடித்து, பாதுகாப்புக்காக இருக்கட்டுமே என்று நானாகவே ஒரு வரியும் சேர்த்தேன்: 'இப்பெயர் எந்தத் தனிமனிதரையும் குறிப்பதன்று.'

வீட்டுக்கு நடக்கிற வழியில்தான் தோன்றியது. இத்தனை காலம் அந்தக் காட்டுக்குத் துரையின் பெயர் இருந்ததே — துரையிடம் பிரஜாவுரிமை இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? அந்த ஒரு கேள்வியை நான் குழுவில் கேட்டிருக்கலாம். வாயில் வந்தது கேள்வி அல்ல, சாமர்த்தியம்.

ஆரோக்கியத்திடம் போய், "உங்க பேரைத்தான் வைக்கிறோம். வெளியில மட்டும் சுகம்னு அர்த்தம் சொல்லுவாங்க," என்றேன். அந்தக் கடைசி வரியைச் சொல்லவில்லை.

"எம் பேருதானே மாஸ்டர்? அப்ப சரி. அர்த்தம் என்னவோ சொல்லிட்டுப் போகட்டும்."

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மாதா கோவில் பூசை முடிந்து நேரே வந்துவிட்டார் — புதுக் கோட்டு, வாரிய தலை. இரண்டாவது வரிசையில் லூர்தம்மாவோடு உட்கார்ந்தார். பின்னால் லயத்து ஜனம். கொழும்பிலிருந்து வந்த பிரமுகர் பேசினார். சுத்தமான காற்றின் நன்மை, காசநோய், காலையில் எழுந்து நடப்பது, கொதித்தாறிய தண்ணீர்... ஒவ்வொரு தடவை அவர் "ஆரோக்கியம்" என்று சொல்லும்போதும் நம்ம ஆள் நாற்காலியிலிருந்து பாதி எழும்பினார். லூர்தம்மா கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மறுபடி "ஆரோக்கியம்!" மறுபடி எழும்பினார்.

பிரமுகருக்கு மாலை விழுந்தது. தலைவருக்கு விழுந்தது. எனக்கும் ஒன்று விழுந்தது. நான் அதைக் கழற்றிக்கூட வைக்கவில்லை.

கூட்டம் கலையும்போது லூர்தம்மா என் எதிரே வந்து நின்றார்.

"மாஸ்டர், அந்தப் பெரியவரு பேசுனது இவரப் பத்தியா, இருமலப் பத்தியா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஒரு வேடிக்கைப் பத்தியாக எழுதியிருப்பேன். முடியவில்லை. போன வாரம் ஆரோக்கியம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"மாஸ்டர், செவ்வாக்கெழம நுவரெலியாவுல கடைசி விசாரணை. 'இந்த ஊர்லயே நிரந்தரமா இருக்கிறவங்கிறதுக்கு என்ன அத்தாட்சி'ன்னு போன தடவ கேட்டாங்க. எம் பேருல ஒரு காடே இருக்குதுங்கன்னு சொல்லிட்டேன்! சபைக்கு எழுதிக் கேக்குறோம்னாங்க. நீங்க ஒரு சாட்சி சொல்லிட்டா போதும்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நேரில் போனால் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பேசிச் சமாளிக்கத் தெரிந்தவன் அல்லவா நான்?

லூர்தம்மாவோடு மூன்று பேரும் ஹட்டனில் ரயிலேறினோம். ஆரோக்கியம் அந்தக் கோட்டைப் போட்டிருந்தார். நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து, பனியில் நனைந்து அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி இளைஞர், நாகரிகமானவர். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"இவருடைய பெயரையா அந்தக் காட்டுக்கு வைத்திருக்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்," என்றேன். நன்றாக, உரக்கச் சொன்னேன். தையல் மெஷின் கதை முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சபையிலிருந்து வந்திருந்த தீர்மானத்தை என் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதை எழுதியவரும் நீங்கள்தானே?"

கீழே என் கையெழுத்து.

"இப்போது பேசுகிறவரை நம்பட்டுமா, அன்றைக்கு எழுதியவரை நம்பட்டுமா, மாஸ்டர்?"

அப்போதுதான் சிரித்தார்.

ஆரோக்கியத்துக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருந்தார். அந்த வரியை அவர் நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார். ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். புரியாத பார்வை. முடிவு பின்னால் தபாலில் வரும், சபை ஏதாவது திருத்தி அனுப்பினால் அதையும் பார்க்கிறேன் என்று அதிகாரி சொன்னார்.

நானுஓயா பிளாட்போரத்து பெஞ்சில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். ஆரோக்கியம் கேட்டார்.

"அந்த வரிய எழுதச் சொல்லி அவங்க கட்டாயப்படுத்துனாங்களா மாஸ்டர்?"

"இல்ல."

"யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் எழுதுனேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். யாரோ கட்டாயப்படுத்தியதாக ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. லொறிக்கு முன்னால் உட்கார்ந்தவர் அன்று அந்த பெஞ்சில் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

லூர்தம்மாதான் பேசினார். "மாஸ்டர், நீங்க அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல." நான் அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "பேப்பர்ல எழுதுறீங்கல்ல? ஊரே படிக்குதுல்ல? இவரு யாருன்னு எழுதுங்க. சுத்தி வளைக்காம எழுதுங்க."

வியாழக்கிழமை தலைவரைப் பார்த்து, அந்த வரியை நீக்கித் திருத்தம் கொண்டுவர வேண்டும் என்றேன். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் மாஸ்டர்... நீங்களே எழுதின வரிதானே," என்றார். திட்டவில்லை. அவருக்கும் சங்கடம். எங்கள் ஊரில் எல்லோரும் நல்லவர்கள், அதுதான் தொந்தரவு. அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்பேன். சாமர்த்தியமாக ஒன்றும் பேசப்போவதில்லை.

அதுவரை, அகராதி என்ன சொன்னாலும் சரி — ஆரோக்கியம் என்பது ஓர் ஆளின் பெயர். தொழில் தையல். ஊர், எங்கள் ஊர்.